மறைந்த கோப்புகளும் மீளும் நெறியும்

இழப்பு இருவகைப்படும். பொருளே அழிந்துபோதல் ஒன்று. பொருள் இருந்தும் அஃது இருக்குமிடம் அறியப்படாது போதல் மற்றொன்று. முன்னதற்கு வருந்துதலன்றி வேறு செயலில்லை. பின்னதற்குத் தேடும் நெறி உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறியாது, பின்னதை முன்னதென மயங்கிக் கைவிடுவோர் பலர். அவசரத்தினாற் பின்னதை முன்னதாகவே ஆக்கிவிடுவோர் அவரினும் பலர்.

இவ்வேறுபாட்டினை விளக்க ஈழநாட்டில் திருக்கேதீச்சரத்தினுஞ் சிறந்த சான்று இல்லை. மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலக் கரையில், மாதோட்டத்துப் பாலாவியின் மருங்கே அமைந்த அத்தலம் சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்றது. பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கீசர் அக்கோயிலை இடித்தனர். கோயில் நின்ற இடத்தைக் காடு மூடியது. மூன்று நூற்றாண்டுகள் கழிந்தபின், 1872 ஆம் ஆண்டில், ஆறுமுக நாவலர் அக்கோயிலை மீட்க வேண்டுமெனச் சைவ மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். 1893 இல் நிலம் வாங்கப்பட்டது. அடுத்த ஆண்டிற் காடு வெட்டி அகழ்ந்தபோது பழைய கோயிலின் இடமும் சிவலிங்கமும் வெளிப்பட்டன. 1903 இல் அவ்விடத்திற் கோயில் எழுந்து குடமுழுக்கும் நிகழ்ந்தது. கோயில் மறைந்ததென்றே உலகம் எண்ணியிருந்தது; அதன் மூலமோ மண்ணினுள்ளே இருந்தது. இடைக்காலத்தில் அவ்விடத்தின்மேற் பெரியதொரு கட்டடம் எழுந்து அத்திவாரம் தோண்டப்பட்டிருப்பின், தேடியவர்க்கு யாதும் கிடைத்திராது.

பெரியதொரு கோயிலின் வரலாறு உணர்த்தும் இவ்வுண்மை, விரலளவினதாகிய ஒரு கருவிக்கும் பொருந்தும். பென் டிரைவ் என்று பலரும் வழங்கும் யூ. எஸ். பி. பிளாஷ் நினைவகமே அக்கருவி. திறப்புக் கோவையிலும் சட்டைப் பையிலும் கிடக்கும் அச்சிறு பொருள், இன்று பலருடைய வாழ்வின் ஆவணக் காப்பகமாய் விளங்குகின்றது. மன்னார் மாவட்டத்திற் போர்க்காலத்தில் ஒருமுறையன்றிப் பலமுறை இடம்பெயர்ந்த குடும்பங்கள் உள. அவை காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், முன்னோர் படம் முதலியவற்றை வழியிலே இழந்தன. எஞ்சிய தாள்களை வருடியெடுத்து ஒரு பென் டிரைவிற் சேர்த்து வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்க. போட்டோப் பிரதி எடுக்கும் கடையில் அதனைக் கொடுத்துக் காணி உறுதியின் படியொன்றை அச்சிட முயலும்பொழுது, கணினித் திரையில் ஒரு கோப்பும் தோன்றவில்லை. மூலத்தாளும் இல்லை. அக்கணத்தில் அக்குடும்பம் செய்யும் செயலும் செய்யாது விடும் செயலுமே அவ்வுறுதி மீள்வதையும் மீளாமையையும் தீர்மானிக்கும்.

கருவியின் பிறப்பு

பிளாஷ் நினைவகத்தைக் கண்டவர் ஜப்பான் நாட்டுத் தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய புஜியோ மசுவோகா என்பார். 1984 ஆம் ஆண்டில் அவர் அதனை அறிஞரவையில் வெளியிட்டார். இன்று பென் டிரைவுகளிற் பயன்படும் ‘நான்ட்’ என்னும் வகை 1987 இல் வெளிப்பட்டது. பதிந்தவற்றை ஒருங்கே அழிக்கும் அதன் இயல்பு ஒளிப்படக் கருவியின் மின்னொளியை நினைவூட்டியமையால் அப்பெயர் பெற்றது என்பர். கணினியோடு பிற கருவிகளை இணைக்கும் யூ. எஸ். பி. முறை 1996 இல் வந்தது. அதனை உருவாக்கிய குழுவினருள் முதன்மையாகக் குறிக்கப்படுபவர், இந்தியாவிற் பிறந்து இன்டெல் நிறுவனத்திற் பணியாற்றிய அஜய் பட் ஆவர். நினைவகமும் இணைப்பும் ஒன்றாகி விற்பனைக்கு வந்த ஆண்டு 2000. சிங்கப்பூரிலும் இஸ்ரவேலிலும் தோன்றிய அத்தகைய முதற் கருவிகளின் கொள்ளளவு 8 மெகாபைற் அளவினதே. இக்காலத்துச் சாதாரணப் பென் டிரைவ் ஒன்று அதனினும் பல்லாயிர மடங்கு கொள்ளும். கொள்ளும் அளவு பெருகப் பெருக, ஒருங்கே இழக்கும் அளவும் பெருகியது.

உள்ளமைப்பு

பென் டிரைவின் உறையைக் கழற்றி நோக்கின் மூன்று உறுப்புகள் முதன்மையாகக் காணப்படும். கணினியிற் செருகப்படும் உலோக முனை ஒன்று. தரவுகளைத் தாங்கும் நினைவகச் சில்லு மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே நின்று எழுதுதல், படித்தல், அழித்தல் ஆகியவற்றை நடத்தும் கட்டுப்படுத்திச் சில்லு மூன்றாவது.

நினைவகச் சில்லினுள் எண்ணற்ற நுண்ணிய அறைகள் உள. ஒவ்வோர் அறையும் இலத்திரன்களைச் சிறைப்படுத்தி வைக்கும். மின்கடத்தாப் படலத்தாற் சூழப்பட்டமையால், மின்னோட்டம் நின்ற பின்னும் அவை வெளியேறா. அறையிலுள்ள மின்னேற்றத்தின் அளவே எழுத்தாகப் படிக்கப்படுகின்றது. ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்பொழுதும் அப்படலம் சிறிது தேய்வுறும். ஓரறையில் ஒரு பிட்டு மட்டும் வைக்கும் உயர்ந்த வகை ஏறத்தாழ 1,00,000 முறை தாங்கும் என்பர். ஓரறையில் மூன்று பிட்டுகளை வைக்கும் மலிவான வகையோ ஆயிரம் முறை அளவிலேயே தளர்வுறும். தேய்ந்த அறைகளிலிருந்து இலத்திரன்கள் மெல்லக் கசியும். வெப்பம் அக்கசிவை விரைவுபடுத்தும். மன்னார்க் கரையின் வெயிலில் நிறுத்திய வாகனத்தினுள்ளே மாதக்கணக்கிற் கிடக்கும் பென் டிரைவ், நிழலில் வைத்ததைப் போன்று நெடுங்காலம் நில்லாது என்பதற்குக் காரணம் இதுவே.

இந்நினைவகத்திற்கு மற்றுமோர் இயல்பு உண்டு. எழுதுவது பக்கம் பக்கமாக. அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த கட்டமாக. ஆதலின் கட்டுப்படுத்தி, தேய்வு ஓரிடத்திற் சேராவண்ணம் தரவுகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். எந்தத் தரவு எந்த அறையில் உள்ளது என்னும் குறிப்பைத் தன்னகத்தே வைத்திருக்கும். எழுதிக்கொண்டிருக்கையிற் கருவியைப் பிடுங்குவதனால் இக்குறிப்பும் சிதைதல் கூடும்.

பெயரேடும் பொருளும்

கல்லூரி நூலகத்தில் நூல்கள் அடுக்கில் இருக்கும். அவற்றின் பெயரும் இருப்பிடமும் அட்டைப் பட்டியலில் இருக்கும். அட்டையொன்று கிழிந்தால் நூல் கிழிந்துவிடுவதில்லை. எனினும் பதினாயிரம் நூல்களுக்கிடையே அந்நூலைத் தேடியெடுத்தல் அரிதாகும். பென் டிரைவிலும் இவ்வாறே இரு பகுதிகள் உள. ஒன்று பெயரேடு, மற்றொன்று பொருள் வைக்கும் களம்.

பென் டிரைவுகளிற் பெரிதும் வழங்கும் எப். ஏ. ரி. 32 என்னும் முறையில், ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைற் அளவினதாகிய ஒரு பதிவேனும் இருக்கும். அதிற் கோப்பின் பெயர், தன்மை, அளவு, தொடங்கும் இடம் ஆகியன எழுதப்பட்டிருக்கும். நீண்ட பெயர்களும் தமிழ்ப் பெயர்களும் அடுத்தடுத்த பதிவுகளில் எழுதப்படும். கோப்பு ஒரே இடத்தில் அடங்காது பல துண்டுகளாகச் சிதறிக் கிடப்பின், ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குச் செல்லும் வழியைத் தனியான அட்டவணை காட்டும். அவ்வட்டவணையின் முதன்மை கருதி அதற்கு இரண்டு படிகள் வைப்பதே வழக்கம்.

ஒரு கோப்பை நீக்குக எனக் கட்டளையிடும்போது நிகழ்வது யாது? பொருட்களத்தில் ஒன்றும் நிகழ்வதில்லை. பெயர்ப் பதிவின் முதலெழுத்து நின்ற இடத்தில் 229 என்னும் எண் எழுதப்படும். “இவ்விடம் வெறுமையானது” என்பதே அதன் பொருள். துண்டுகளை இணைக்கும் அட்டவணைக் குறிப்புகளும் துடைக்கப்படும். கோப்பின் உள்ளீடோ இருந்தவாறே இருக்கும்; வேறொரு கோப்பு அவ்விடத்தில் எழுதப்படும்வரை நிலைத்திருக்கும். விரைவு முறையிற் ‘போமற்’ செய்வதும் இத்தகையதே: பெயரேடு புதிதாக எழுதப்படும், களம் தொடப்படுவதில்லை. முழுமுறைப் போமற்றோ இக்கால விண்டோஸில் களம் முழுவதையும் சுழியங்களால் நிரப்பிவிடும். அதன்பின் மீட்பதற்கு யாதும் இராது.

மறைவின் ஐவகை

கோப்புகள் காணாமற்போகும் வகைகளை ஐந்தாகப் பகுத்தறிதல் நன்று. திரையிற் காணும் அறிகுறியைக்கொண்டே பெரும்பாலும் இவற்றைப் பிரித்தறியலாம்.

முதலாவது, மறைத்து வைக்கப்படுதல். ஒரு கடையின் கணினியில் நாள்தோறும் பலருடைய பென் டிரைவுகள் செருகப்படும். ஒன்றிலுள்ள நச்சுநிரல் கணினிக்கும், அங்கிருந்து மற்றையவற்றுக்கும் தொற்றும். அத்தகைய நச்சுநிரல்களுட் சில, கோப்புறைகளுக்கு ‘மறைந்தது’, ‘அமைப்புக்குரியது’ என்னும் தன்மைகளை ஏற்றிவிட்டு, அவற்றின் பெயரிற் போலிக் குறுக்குவழிகளை வைக்கும். இதன் அறிகுறி தெளிவானது: கோப்புகள் தோன்றா; ஆயினும் பயன்படுத்தப்பட்ட இடத்தின் அளவு முன்போலவே மிகுதியாகக் காட்டப்படும். ஐவகையுள்ளும் எளிதில் மீள்வது இதுவே.

இரண்டாவது, நீக்கப்படுதல் அல்லது விரைவுப் போமற் செய்யப்படுதல். இடம் வெறுமையானதாகக் காட்டப்படும். கருவியில் வேறு குறை தோன்றாது.

மூன்றாவது, பெயரேடு சிதைதல். எழுதிக்கொண்டிருக்கையிற் பிடுங்குதலாலும் மின்வெட்டினாலும் நேர்வது இது. கணினி கருவியை அறியும். ஆயினும் “பயன்படுத்துமுன் போமற் செய்ய வேண்டும்” எனக் கேட்கும். அல்லது கோப்புப் பெயர்களின் இடத்தில் பொருளற்ற குறிகள் நிரம்பித் தோன்றும்.

நான்காவது, உறுப்புப் பழுது. முனை வளைதல், பற்றாசு விடுதல், கட்டுப்படுத்திச் சில்லுக் கெடுதல் என்பன இதில் அடங்கும். விளக்கு எரியாமை, கணினி கருவியை அறியாமை, கொள்ளளவு சுழியமெனக் காட்டப்படுதல் ஆகியன இதன் அறிகுறிகள். கடற்கரையூர்களில் உப்பங்காற்றினால் முனையின் உலோகத்திற் களிம்பேறுதலும் உண்டு.

ஐந்தாவது, பொருளே இல்லாதிருத்தல். சிறிய கொள்ளளவுள்ள சில்லைப் பெரியதெனப் பொய்யாக அறிவிக்குமாறு செய்து விற்கப்படும் போலிக் கருவிகள் சந்தையில் உள. 8 கிகாபைற் கொள்ளும் ஒன்று தன்னை 512 கிகாபைற் எனக் காட்டும். உண்மை அளவைக் கடந்து எழுதப்படுவன யாவும் வெளியில் வீசப்பட்டனவாகும், அல்லது முன்னவற்றின்மீதே எழுதப்படும். பெயரேட்டிற் பெயர் இருக்கும். திறந்தால் உள்ளீடு இராது. மாதோட்டத்தில் தாழிகுமரன் என்பான் எடுப்பித்த இராசராச ஈச்சரத்தைப் பற்றிச் சோழர் காலத்துக் கல்வெட்டொன்று கூறுகின்றது. அவன் எடுப்பித்த கட்டடம் இன்று நிற்கவில்லை. கல்லிற் பெயர் மட்டும் நிற்கின்றது. ஐந்தாம் வகையின் நிலையும் அத்தகையதே.

செய்யத்தகாதன

நோயாளிக்கு முதலில் தீங்கு செய்யாதிருத்தலே மருத்துவனின் கடன். இங்கும் முதற் கடன் அதுவே. கோப்பு மறைந்ததை அறிந்த கணமே அக்கருவியில் எழுதுவதை நிறுத்துக. புதிய கோப்பொன்றைச் சேர்த்தல், இருப்பதொன்றைத் திருத்திச் சேமித்தல், மீட்பு மென்பொருளை அக்கருவியிலேயே இறக்குதல் ஆகிய ஒவ்வொன்றும் மறைந்த கோப்பின் இடத்தில் வேறொன்றை எழுதிவிடக்கூடும். மேலே எழுதப்பட்டதை எந்த வல்லுநராலும் மீட்டல் இயலாது.

போமற் செய்யுமாறு கணினி கேட்பின் மறுத்துவிடுக. அக்கேள்வி, பெயரேட்டைப் படிக்க இயலவில்லை என்பதை மட்டுமே குறிக்கும். பொருள் இல்லையென்று குறிக்காது.

விண்டோஸில் உள்ள ‘செக்டிஸ்க்’ என்னும் திருத்தும் கருவியையும் முதற்கண் ஏவுதல் தகாது. அது கோப்புகளை மீட்பதை நோக்கமாகக்கொண்டதன்று; பெயரேட்டை முரணின்றி ஆக்குவதே அதன் நோக்கம். பொருந்தாதவற்றைத் துண்டித்து, பெயரற்ற எண்ணிட்ட துண்டுகளாக ஒரு புதிய கோப்புறையில் இட்டுவிடும். சிதைந்த பெயரேட்டிலிருந்து அறிந்துகொள்ளக்கூடிய குறிப்புகளும் அத்திருத்தத்தால் அழிதல் கூடும்.

விட்டுவிட்டுத் தொடர்பு கொள்ளும் கருவியை மீண்டும் மீண்டும் செருகிப் பார்த்தலும் தவறு. இறந்துபடும் நிலையிலுள்ள சில்லு இன்னும் எத்தனை முறை விழிக்கும் என்பதை எவரும் அறியார். விழிக்கும் ஒருமுறையிற் படியெடுத்தலே தக்கது.

செய்யத்தக்கன

முதற்கண் எளியவற்றைச் சோதிக்க. வேறொரு துளையிலும், பின்னர் நச்சுநிரல் அற்றதென அறியப்பட்ட வேறொரு கணினியிலும் செருகிப் பார்க்க. முனையில் அழுக்கோ உப்போ தோன்றின், உலர்ந்த மென்துணியிற் சிறிது தூய மதுசாரம் தொட்டுத் துடைத்து, நன்கு உலர்ந்தபின் செருகுக.

கருவி திறக்கப்பட்டு, பயன்படுத்தப்பட்ட இடமும் மிகுதியாகக் காட்டப்படுமாயின், முதலாம் வகையென ஐயுறுக. கோப்புகளைக் காட்டும் சாளரத்தில், மறைந்தவற்றைக் காட்டுமாறும், அமைப்புக் கோப்புகளை மறையாதிருக்குமாறும் தெரிவுகளை மாற்றுக. மங்கிய வடிவிற் கோப்புறைகள் தோன்றுமாயின், அவற்றை வேறொரு வட்டிற் படியெடுத்துக்கொள்க. ஏற்றப்பட்ட தன்மைகளை ‘அட்ரிப்’ என்னும் கட்டளையால் நீக்கலாம். அதனைப் படியின்மீது செய்க. போலிக் குறுக்குவழிகளை இருமுறை அழுத்தித் திறத்தல் கூடாது. அவ்வழுத்தலே நச்சுநிரலை எழுப்பும். லினக்ஸ் முறைமையுள்ள கணினி கிடைப்பின் இவ்வேலை மிக எளிது. விண்டோஸுக்கென எழுதப்பட்ட நச்சுநிரல் அங்கே செயற்படாது. ‘மறைந்தது’ என்னும் அத்தன்மையையும் லினக்ஸ் பெரும்பாலும் பொருட்படுத்தாது கோப்புகளைக் காட்டிவிடும்.

இரண்டாம், மூன்றாம் வகைகளாயின் முழுப்படி எடுத்தலே அடுத்த படி. கோப்புகளைப் படியெடுத்தல் வேறு. கருவியின் முதலறை தொடங்கிக் கடையறைவரை உள்ள யாவற்றையும் ஒரே பெருங்கோப்பாகப் படியெடுத்தல் வேறு. இங்கு வேண்டப்படுவது பின்னது. இதற்கெனக் கட்டணமின்றிக் கிடைக்கும் மென்பொருளாகிய ‘டிடிரெஸ்கியூ’ அறிவுடையதொரு முறையைக் கையாள்கின்றது. எளிதிற் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொள்ளும். இடர்தரும் பகுதிகளை விட்டுவைத்து இறுதியில் மீள முயலும். எவ்வெவ் விடங்கள் எஞ்சின என்பதை ஓர் ஏட்டிற் குறித்தும் வைக்கும். ஆதலின் இடையில் நின்றாலும் நின்ற இடத்திலிருந்தே தொடரலாம். படி எடுக்கப்பட்டபின் பென் டிரைவை உறையிலிட்டு வைத்துவிடுக. இனிச் செய்யும் சோதனை யாவும் படியின்மீதே நிகழவேண்டும். படியிற் பிழை நேரின் மற்றொரு படி எடுக்கலாம். மூலத்திற் பிழை நேரின் மாற்று இல்லை.

பெயரேடு ஓரளவேனும் எஞ்சியிருப்பின் ‘டெஸ்ட்டிஸ்க்’ போன்ற மென்பொருள் பயன்படும். அது நீக்கப்பட்ட பதிவுகளைப் படித்து, பெயரோடும் கோப்புறையோடும் கோப்புகளைக் காட்டும். அட்டவணையின் ஒரு படி கெட்டிருப்பின் மற்றைய படியைக்கொண்டு சீர்செய்யவும் உதவும். மீட்கப்பட்டவற்றை அதே பென் டிரைவிற் சேமித்தலாகாது; வேறொரு வட்டிலேயே சேமிக்க வேண்டும்.

பெயரின்றி மீள்வன

பெயரேடு முற்றும் அழிந்தவிடத்தும் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வகைக் கோப்பும் தனக்கே உரிய தொடக்கக் குறியை உடையது. ‘ஜேபெக்’ என்னும் ஒளிப்படக் கோப்பு யாதாயினும் 255, 216, 255 என்னும் மூன்று எண்களோடே தொடங்கும். ‘பி. டி. எப்.’ ஆவணமும் தன் பெயரைத் தானே முதலில் எழுதிக்கொண்டு தொடங்கும். ‘போட்டோரெக்’ போன்ற மென்பொருள்கள் பெயரேட்டை நோக்காது, களம் முழுவதையும் வரிசையாகப் படித்து, இக்குறி காணுமிடமெல்லாம் ஒரு கோப்புத் தொடங்குகின்றதெனக் கொண்டு எடுத்துத் தரும்.

திருக்கேதீச்சரத்துக்கு அணித்தாகிய மாந்தை மேட்டிலும் இம்முறையை ஒத்ததொரு செயல் நிகழ்ந்துள்ளது. அங்கே 2009, 2010 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த அகழாய்விற் கரிந்த தானியங்களும் வித்துகளும் மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டன. அவற்றின்மேற் பெயர்ச்சீட்டு யாதும் இல்லை. எனினும் உருவத்தைக் கொண்டே நெல்லையும் மிளகையும் கராம்பையும் ஆய்வாளர் பிரித்தறிந்தனர். கராம்பு கீழ்த்திசைத் தீவுகளிலன்றி அக்காலத்தில் வேறெங்கும் விளையாதது. ஆதலின் பெயரற்ற அச்சிறு மொட்டே மாந்தைத் துறைமுகத்தின் வணிக எல்லையை உரைப்பதாயிற்று. பொருள் தன் உருவத்தாலே தன்னை அறிவிக்கும் என்பதே இரண்டிடத்தும் அடிப்படை.

ஆயினும் இம்முறைக்கு எல்லை உண்டு. மீளும் கோப்புகள் பெயரிழந்து எண்களையே தாங்கி வரும். ஆயிரம் படங்களைத் திறந்து நோக்கித் தேவையானதைத் தெரிந்தெடுத்தல் பொறுமையை வேண்டும் வேலையாகும். துண்டுகளாகச் சிதறியிருந்த கோப்பு அரைகுறையாக மீளும். படத்தின் மேற்பாதி தெளிந்து கீழ்ப்பாதி கலங்கியிருத்தல் இதனாலேயே. சிறிய கோப்புகள் பெரும்பாலும் ஒரே தொடராக அமைவதால் முழுமையாக மீள வாய்ப்பு மிகுதி. முன் கூறிய குடும்பத்தின் காணி உறுதி ஓரிரு பக்கங்களின் வருடலாதலின், பெயரேடு அழிந்திருப்பினும் மீளும் என்று நம்புதற்கு இடமுண்டு. அதன்பின் எவரும் அக்கருவியில் எழுதாதிருந்தாராயின்.

மீளாதன

நான்காம் வகையில் இல்லத்திற் செய்யத்தக்கது சிறிதே. பற்றாசு விட்ட முனையைத் திறமையுடைய மின்னணுத் தொழிலாளர் மீள ஒட்டலாம். அவ்வாறு ஒட்டிய பின் ஒருமுறை படியெடுத்தால் நோக்கம் நிறைவேறும். அக்கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தல் தகாது. கட்டுப்படுத்தி கெட்டவிடத்து, நினைவகச் சில்லைத் தனியே கழற்றிப் படிக்கும் ஆய்வுகூடங்கள் உலகில் உள. செலவு மிகுதி, வெற்றி உறுதியன்று. மறையாக்கம் செய்து எழுதும் கருவிகளிலோ, சில்லைப் படித்தாலும் பொருள் விளங்காது. ஐந்தாம் வகையில் உண்மைக் கொள்ளளவுக்கு உட்பட்டு எஞ்சியவை மட்டும் மீளும். அப்பால் எழுதப்பட்டவற்றுக்கு மருந்தில்லை.

மற்றுமொரு வேறுபாடு குறிக்கத்தக்கது. இக்காலக் கணினிகளின் உள்ளே அமைந்த எஸ். எஸ். டி. வட்டும் பிளாஷ் நினைவகமே. ஆயினும் அதிற் கோப்பு நீக்கப்பட்டதும், அவ்விடம் வேண்டப்படுவதன்று எனக் கணினி வட்டுக்கு அறிவித்துவிடும். வட்டும் விரைவிலே அவ்விடத்தைத் துடைத்துவிடும். பென் டிரைவுகள் பெரும்பாலும் இவ்வறிவிப்பை ஏற்பதில்லை. மலிவான கருவியின் இக்குறையே மீட்பவர்க்கு நிறைவாகின்றது.

காப்பு

மீட்கும் நெறி எவ்வளவு நுண்ணியதாயினும் இரண்டாவது படிக்கு ஈடாகாது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஆம் ஆண்டில் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அவற்றுள் வேறிடத்திற் படியுடையன மீளத் தேடிச் சேர்க்கப்பட்டன. ஒற்றைப் படியாய் இருந்த ஏடுகள் எக்காலத்தும் மீளா. 2005 இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் வருடிப் பலரும் எடுத்துக்கொள்ள வைத்தமை இவ்வுண்மையை உணர்ந்த செயலாகும்.

தேவாரத்தின் வரலாறும் இதனையே கற்பிக்கும். திருவிடைவாய் என்னும் தலத்துக்குச் சம்பந்தர் பாடிய பதிகம் ஏடுகளிற் கிடைக்கவில்லை. 1917 ஆம் ஆண்டில் அத்தலத்துக் கல்வெட்டில் அப்பதிகம் கண்டெடுக்கப்பட்டது. ஓலையில் இல்லாதது கல்லில் இருந்தது. ஒரே வகைப் பொருளில் இரண்டு படி வைத்தலினும் இருவேறு பொருளில், இருவேறு இடத்தில் வைத்தல் சிறந்ததென்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

ஆதலின் இல்லத்தார் கடைப்பிடிக்கத்தக்க நெறி சுருக்கமானது. பென் டிரைவை எடுத்துச்செல்லும் பையாகக் கொள்க, பெட்டகமாகக் கொள்ளற்க. முதன்மையான ஆவணம் ஒவ்வொன்றுக்கும் மூன்று படி வைக்க: ஒன்று கணினியில் அல்லது வன்தட்டில்; ஒன்று வேறூரிலுள்ள உறவினரிடத்தில் அல்லது இணையச் சேமிப்பில்; ஒன்று தாளில். ஆண்டுக்கொருமுறை திறந்து படித்துப் பார்த்து, பழையதைப் புதிய கருவிக்கு மாற்றுக. கழற்றுமுன் கணினிக்கு அறிவித்துக் கழற்றுக. பிறர் கணினியிற் செருகும் பென் டிரைவில் அன்று அச்சிட வேண்டிய படியை மட்டும் வைத்துச் செல்க. புதிதாக வாங்கியதை நிரப்பிப் படித்துச் சோதித்த பின்னரே நம்புக.

திருக்கேதீச்சரத்துக் கோயில் இடிபட்ட காலத்திலும் அதன் பெயரும், அது பாலாவிக் கரையில் உள்ளதென்னும் குறிப்பும் அழிந்தில. கடல் கடந்து தமிழகத்தில் ஏடுகளிலும் ஓதுவார் நாவிலும் பதிகங்கள் நிலைபெற்றிருந்தன. மண் பொருளைக் காத்தது. தொலைவிலிருந்த படி பெயரைக் காத்தது. இரண்டும் கூடியபொழுது கோயில் மீண்டது. பின்னும் போரினால் மக்கள் அகன்றிருந்த ஆண்டுகள் வந்தன. அவற்றையும் கடந்து, புதுக்கப்பெற்ற கருங்கற்கோயிலுக்கு 2022 ஆம் ஆண்டு ஆடி மாதத்துக்குச் சின்னாள் முன்னர்க் குடமுழுக்கு நிகழ்ந்தது. விரலளவுக் கருவியில் ஒரு குடும்பம் இட்டுவைத்த காணி உறுதிக்கும் முன்னோர் படத்துக்கும் வேண்டப்படும் காப்பு இவ்விரண்டே: இருந்த இடத்தை எவரும் கிளறாதிருத்தலும், வேறோரிடத்தில் ஒரு படி இருத்தலும்.